கால் கட்டிய பொம்மைகள்

ரயிலில் பொருளை விட்டுவிட்டுத் தேடி வருகிறவர்களை முகத்தைப் பார்த்தே இனம் பிரித்துவிடலாம். குடையை விட்டவர் கோபத்தோடு வருவார், ஏதோ நான்தான் மழையைக் கொண்டுவந்தவன் என்பதுபோல. கூஜாவை விட்டவள் மாமியாருக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். பல் செட்டை விட்டவர் தான் வராமல் ஆளை அனுப்புவார். முப்பதுகளின் தொடக்கத்திலிருந்து யுத்தத்தின் நடுவரை நான் விழுப்புரத்தில் ரயில்வே பார்சல் குமாஸ்தா. வண்டிகளில் கிடந்து எடுக்கப்படும் அனாமத்துச் சாமான்களும் என் பொறுப்பில்தான் இருந்தன. எல்லாவற்றையும் தேடி யாராவது ஒருவர் என்றைக்காவது வந்தார்கள். பொம்மைகளைத் தேடி மட்டும் ஒருவரும் வந்ததில்லை.

எனக்கு அது அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். பொம்மை தொலைந்தால் ஒரு பிள்ளை அழும். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தகப்பனும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் 'உரிமை கோரியவர்' என்ற பத்தியில் குறுக்குக் கோடு போட்டுப் பழகிய கை, கோடு ஏன் என்று கேட்பதில்லை.

நடைமுறை இதுதான். பொருள் கிடைத்த வண்டி, பெட்டி, உட்காரும் பலகைக்கு மேலா கீழா, கொண்டுவந்து கொடுத்தவர், பொருளின் நிலை, இவ்வளவையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பொருளில் ஒரு சீட்டைக் கட்ட வேண்டும். அவகாசம் முடியும்வரை பூட்டிவைத்து, அதன்பின் ஏலம். கெட்டுப்போகும் பொருளுக்கு மட்டும் அவகாசம் கிடையாது. ஒருமுறை உயிரோடு ஒரு சேவல் வந்தது. அதையும் அந்தத் தலைப்பில்தான் எழுதினேன். ஏலம் முடியும்வரை அது என் மேஜையின்கீழ் நின்று, ஒவ்வொரு வண்டி வரும்போதும் மணி அடிப்பவனுக்கு முன்னால் கூவியது.

எனக்கு இரண்டு பொழுதுபோக்குகள். வாசிப்பது ஒன்று, பொம்மை சேர்ப்பது மற்றொன்று. சக குமாஸ்தாக்கள் சீட்டாடுவார்கள், ஒருவர் ஆர்மோனியத்தைச் சித்திரவதை செய்வார். நான் அனாமத்துப் புத்தகங்களை வாசித்தேன். ரயிலில் விட்டுச் செல்லப்படும் புத்தகம் இரண்டு வகை: வாசித்து முடித்தது, முடிக்கவே முடியாதது. நான் இரண்டையும் முடித்தேன். பொம்மை விஷயம் வேறு. சிறு வயதில் கிடைக்காததால் இப்போது சேர்க்கிறார் என்று ஒருவர் முதுகுக்குப் பின்னால் சொன்னதாகக் கேள்வி. எனக்குச் சிறு வயதில் வேண்டிய மட்டும் கிடைத்தது. சிறிய பொருள் முழுமையாக இருப்பது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு விரல் நீளத் தகர மோட்டாரில் கதவு, விளக்கு, டிரைவரின் மீசை எல்லாம் இருக்கும். என் ஆபீசில் அந்த அளவுக்கு ஒழுங்காக இருந்த பொருள் வேறொன்றும் இல்லை.

ஏலத்தில் ரயில்வே ஊழியர் கேட்கக் கூடாது என்பது விதி. ஊழியரின் மனைவி கேட்கக் கூடாது என்று விதியில் எழுதியிருக்கவில்லை. எழுதியவர் அதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். நான் நினைத்துப் பார்த்தேன். ஏலம் நடக்கும் மத்தியானம் என் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு வந்து, பெண்கள் காத்திருக்கும் அறையின் வாசலில் நின்று, பொம்மைகள் வரும்போது மட்டும் கையைத் தூக்குவாள். ரசீது அவள் பெயரில். அவளுக்கும் அதில் ருசி ஏற்பட்டிருந்தது. கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்றில் நான்கு தட்டுகள். தினமும் காலையில் துடைப்பாள். சாயங்காலத்தில் நான் புத்தகத்தை உரக்க வாசிக்க, அவள் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து கேட்பாள். எங்களையும் சேர்த்து அங்கே ஒரு சபையே இருந்தது. வாயில்லாத சபை.

எங்களுக்குக் குழந்தை இல்லை என்று சொன்னால் தவறு. இரண்டு பிறந்தன. முதலாவது மூச்சில்லாமல் வந்தது. இரண்டாவது பத்தொன்பது நாள் இருந்தது. நான் சொல்லப்போவது மூன்றாவது வயிற்றில் இருந்தபோது நடந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாமே அதைச் சுற்றித்தான் நடந்தன. அவள் நடக்கும் வேகம், படுக்கும் பக்கம், கிணற்றிலிருந்து எத்தனை குடம், எல்லாவற்றிற்கும் நான் விதிகள் வகுத்துவைத்திருந்தேன். இந்த ஒன்று தங்க வேண்டும். வேறொரு வேண்டுதலும் எங்கள் இருவருக்கும் இல்லை.

அந்தப் பொம்மைகளைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததை இப்போது வரிசையாகச் சொல்லலாம். எல்லாம் என் கையெழுத்திலேயே பதிவேட்டில் இருந்தன. பெரும்பாலும் திண்டிவனம் பக்கத்திலிருந்து வரும் காலை வண்டியில் கிடைத்தன. எப்போதும் பலகைக்கு அடியில், கடைசி மூலையில், முகம் சுவரைப் பார்த்தபடி. சிலவற்றின் நெற்றியில் மஞ்சள் தீற்றியிருந்தது. சிலவற்றோடு ஒரு காய்ந்த வேப்பிலை. ஒவ்வொன்றிற்கும் காலில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. மரப்பாச்சிக்கு இரண்டு காலையும் சேர்த்து, யானைக்கு நான்கையும் சேர்த்து, மோட்டாருக்குச் சக்கரத்தில். ஏழு சுற்று, ஒரு முடிச்சு. 'நிலை: நன்று. நூல் சுற்றியது' என்று எழுதினேன். ஊருக்குக் கொண்டுபோகும்போது உடையாமலிருக்கச் சுற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். வீட்டிற்கு வந்ததும் முதல் வேலையாக முடிச்சருகே நூலை வெட்டிவிடுவேன். வெட்டிய நூலை வீணாக்காமல் புத்தகங்களில் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன்.

தகர மோட்டாரின் நூலை வெட்டிய அன்று ஒன்று நடந்தது. சாவி நான் கொடுக்கவில்லை. சாவியைத் தொடக்கூட இல்லை. நூல் அறுந்ததும் அது மேஜைமேல் ஒரு சாண் தூரம் கிர்ரென்று ஓடி, என் டம்ளரில் முட்டி நின்றது. ஸ்பிரிங்கில் மிச்சமிருந்த முறுக்கு. கட்டுவதற்கு முன்பு யாரோ சாவியைத் திருகியிருக்கிறார்கள், அவிழ்கிறவரை அது உள்ளேயே காத்திருந்திருக்கிறது. மனைவி கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். விளக்கம் இருக்கிற விஷயத்திற்கு யார் பயப்படுவார்கள்?

பெட்டிகளைக் கூட்டுவதற்கு விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவாள். என்னைவிட வயதில் மூத்தவள். பேச அஞ்சாதவள். குடையோ கூஜாவோ கிடைத்தால் கையில் எடுத்து வருவாள். பொம்மையை மட்டும் முறத்தில் தள்ளிக்கொண்டு வந்து என் மேஜையில் கவிழ்ப்பாள். ரயில்வேச் சொத்தைக் குப்பைபோல் கொட்டாதே என்று பலமுறை கடிந்துகொண்டிருக்கிறேன். "சரிங்க சாமி" என்பாள். அடுத்த முறையும் முறம்தான்.

ஒரு நாள் உச்சி வேளை. பகல் வண்டி போய்விட்டது, அடுத்தது வர இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் ஜங்ஷனைப்போல் வெறிச்சென்று போகும் இடம் வேறில்லை. தண்டவாளம் சூட்டில் டொக் டொக்கென்று தானாகச் சத்தம் போடும். முந்தின ஏலத்தில் மனைவி பெயரில் எடுத்த மரக்குதிரை ஒன்றை வீட்டிற்குக் கொண்டுபோக வைத்திருந்தேன். அதன் கால் நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது அவள் பதிவேட்டில் கைநாட்டு வைக்க உள்ளே வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா சாமி பண்றீங்க?"

"கண் தெரியவில்லையா? நூலை வெட்டுகிறேன்."

"அத்த அவுக்கலாமா? எல்லாத்துக்கும் அவுத்துட்டீங்களா?"

"அவிழ்க்காமல், கட்டோடு வைத்துப் பூஜை செய்யவா?"

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சிதான் வாங்கிக்கினு போறீங்கன்னு நெனச்சேன். படிச்சவரு, எதுனா மந்திரம் கிந்திரம் தெரிஞ்சிக்கும்னு. தெரியாமயா ஊட்ல அடுக்கி வெச்சிக்கினு கீறீங்க?"

"என்ன தெரிய வேண்டும்?"

"செத்த கொழந்தைங்களுது சாமி அது."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வழக்கம் இல்லை அது. ரயில் பாதையை ஒட்டிய சில ஊர்களில், சில வீடுகளில் மட்டும், ரயில் வந்த பிறகு யாரோ தொடங்கி வைத்தது. பிள்ளை போய்விட்டால் அது கையில் பிடித்து விளையாடிய சாமானை வீட்டில் வைக்கக் கூடாது. விளையாட வரும். எரிக்கவும் கூடாது, புதைக்கவும் கூடாது.

"கொழந்தைய பொதச்சாச்சி. அது பொம்மையையும் பொதச்சா ரெண்டாந்தபா பொதச்ச மாதிரி. எந்தத் தாய்க்கு மனசு வரும்? அதான் ரயில்ல வெச்சிட்டு எறங்கிடறது. திரும்பிப் பாக்கக் கூடாது. எங்க போய்ச் சேருதுன்னும் தெரியக் கூடாது. கால கட்டறது, அது பின்னாடியே நடந்து வந்துடாம இருக்க."

"நீயும் வைத்திருக்கிறாயா?"

"ஒண்ணு வெச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டை விரலை மையில் தோய்த்தாள். "ஜல்தியா எழுதுங்க சாமி, வேல கெடக்குது."

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அதிலும் சாப்பிட்டுக்கொண்டே, வேடிக்கைக் கதையாக, கூட்டுகிறவளின் குரலிலேயே சொன்னேன். ஜனங்களின் மூடத்தனத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொண்டேன். குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது. மனைவி அதைச் சட்டியில் வைத்தாள். கை கழுவினாள். கூடத்திற்குப் போய் அலமாரிக்கு முன் நின்றாள். பின்பு, முக்காட்டைப் போட்டுக்கொண்டாள், வெளி ஆட்கள் முன்னால் நிற்பதுபோல.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது, தன் பெயரிலிருந்த ஏல ரசீதுகளை எல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழைய பஞ்சாங்கங்கள்.

"முதல் ஏலம் மாசியில. அந்த ஆவணியிலதான மொதல் பிரசவம்?"

"இருக்கலாம்."

"இருக்கலாம் இல்லைங்க, பாருங்க. அப்புறம் ரெண்டு வருஷம் நீங்க ஒண்ணும் எடுக்கல. அலமாரி செஞ்சப்புறந்தான் திரும்ப எடுத்தோம். அந்த யானை, இந்த மோட்டாரு. சின்னவன் பொறந்தது அப்போதான்."

"ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதால் ஒன்றால் ஒன்று நடந்தது என்று ஆகாது" என்றேன். நல்ல வாக்கியம். எங்கோ வாசித்தது.

"எல்லாம் என் பேருலதான கீது" என்றாள் அவள். "கைய தூக்கி, எனக்குக் குடுங்கன்னு கேட்டு வாங்கினது நான்தான. இருபத்தொண்ணு. நான் கூப்பிட்டு வந்ததுங்க."

 எரித்துவிடலாம் என்றேன். "வயித்துல ஒண்ண வெச்சிக்கினு நெருப்பு வெப்பேனா?" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் அதை முடிக்கவில்லை.

ஏழாம் மாதம் பிறக்கும் முன்பே தாய் வீட்டிற்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அவள் பிறந்த வீடு திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்தில். போகும்போது பொம்மைகளை நூல் கட்டி ரயிலிலேயே வைத்துவிட வேண்டும். அதற்குப் பின் எது பிறந்தாலும், பொம்மைகள் வீட்டிலோ என் ஆபீசிலோ இருக்கிற வரையில் விழுப்புரத்தில் கால் வைக்கமாட்டாள்.

புத்தகங்களிலிருந்து நூல்களை உருவ இரண்டு நாள் பிடித்தது. எந்தப் பொம்மை எந்த வண்டியில் எந்தப் பெட்டியில் கிடைத்தது என்று எல்லாமே குறித்து வைத்திருந்தேன். எந்த நூல் எந்தப் பொம்மையுடையது என்பதை மட்டும் குறிக்கவில்லை. நீளத்தைப் பார்த்து மனைவி தானே தீர்மானித்தாள். ஒரு துண்டைக் கையில் வைத்து வெகு நேரம் பார்ப்பாள், பிறகு, "இது இதோடது" என்று மரப்பாச்சியை எடுப்பாள். ஏழு சுற்றுக்கு ஒரு நூலும் குறையவில்லை, மிஞ்சவும் இல்லை. எதை எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன் என்று தெரியாமல் பாதிப் புத்தகங்கள் எனக்கு அத்தோடு முடிந்துபோயின.

திண்டிவனத்தோடு நின்றுவிடும் ஷட்டில் வண்டியில் கடைசிப் பெட்டி. சனிக்கிழமை பிற்பகல், கூட்டமில்லை. அவள் எழுந்து குனியக் கூடாது என்பது என் விதி. ஆகவே நானே குனிந்து, ஒவ்வொரு பலகைக்கு அடியிலும் ஒவ்வொன்றாக, முகம் சுவரைப் பார்க்க வைத்தேன். என் பத்தாண்டுப் பதிவேட்டில் எழுதியிருந்த இடத்திலேயே என் கை போய்ப்போய் நின்றது. விக்கிரவாண்டியில் ஏறிய ஒரு கிழவர், "இன்னாங்க தேடறீங்க, எதுனா வுழுந்துடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பலகைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். உடனே நிமிர்ந்து, எங்கள் இருவரையும் பார்த்து, மேல் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இருபத்தொரு பிள்ளைகளையும் நாங்கள் பறிகொடுத்ததாக நினைத்திருப்பார். அடுத்த நிலையத்தில் வேறு பெட்டிக்கு மாறிப்போனார்.

திண்டிவனத்தில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். மாட்டு வண்டியில் பிரம்மதேசம். அவளை விட்டுவிட்டு மறுநாள் திரும்பினேன்.

புதன்கிழமை பார்சல் வண்டியில் ஒரு சாக்கு மூட்டை எனக்கு வந்தது. நான் எதை மறந்திருந்தேன் என்பது அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஊரெல்லாம் அந்தப் பொம்மைகளை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது, அவை எங்கோ போய்ச் சேரும் என்று நம்பியதால். அவை போய்ச் சேருகிற அந்த எங்கோ நான்தான். சிறு நிலையங்களில் கிடைக்கும் அனாமத்துச் சாமான் ஜங்ஷனுக்கு அனுப்பப்பட வேண்டும்; அந்தச் சுற்றறிக்கையைத் திண்டிவனத்திற்கு அனுப்பியது என் கை. அங்கிருந்த குமாஸ்தா என்னைப் போலவே ஒழுங்கானவர். இருபத்தொன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. நூல்கள் எல்லாவற்றையும் வெட்டி, உருண்டையாகச் சுற்றி, அதற்கும் ஒரு சீட்டு: 'நூல், கறுப்பு, ஒரு உருண்டை.'

கூட்டுகிறவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வந்துட்டாங்களா?" என்றாள். 'வந்துவிட்டதா' என்றல்ல. அதை நான் திருத்தவில்லை.

அவகாசம் முடியும்வரை அவை என் முதுகுக்குப் பின்னால் பூட்டிய அறையில் இருந்தன. மூட்டை திரும்பி வந்ததை அவளுக்கு எழுதியிருந்தேன். பிரம்மதேசத்திலிருந்து வாரம் ஒரு கார்டு வரும். மனைவி நன்றாக எழுதுவாள், நலம் விசாரிப்பாள், மாமனாரின் இருமலைச் சொல்வாள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'அதுங்க போச்சா?' நான் எப்போதும் எழுதிய பதிலும் ஒன்றுதான்: 'நடைமுறையில் உள்ளது.'

அவளைப் பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில், திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்தால் திண்டிவனத்தில் ஒரு வாசகசாலையில் உட்காருவேன். அங்கே சுகாதாரம் பற்றிய கைப்புத்தகம் ஒன்று கிடைத்தது. அம்மை கண்டு இறந்த பிள்ளையின் துணி, படுக்கை, விளையாட்டுச் சாமான் ஆகியவற்றில் நோய் ஒட்டியிருக்கும், எரித்துவிட வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. எத்தனை காலம் ஒட்டியிருக்கும் என்ற பக்கம் கிழிந்திருந்தது. ஆவிக்குப் பயப்படாத எனக்கு, அச்சில் இருந்ததால் இதற்குப் பயம் வந்தது. என் மனைவி சொன்னதும் இந்தப் புத்தகம் சொன்னதும் ஒன்றேதான். புத்தகம் சொன்னபோது மட்டும் நான் கேட்டேன்.

இதற்கும் வழி உண்டு. தொற்று உள்ளதாகச் சந்தேகிக்கப்படும் சாமானைச் சுகாதார அதிகாரிக்கு எழுதி, அவர் முன்னிலையில் அழித்துவிடலாம். நான் உட்கார்ந்து எழுதினேன். பொருள்களின் விவரம், எண்ணிக்கை, கிடைத்த இடம் எல்லாம் சுலபமாக வந்தது. 'தொற்று பற்றித் தெரியவந்த விதம்' என்ற இடத்தில் பேனா நின்றது. தெரியவந்த விதத்தை எழுதினால், அவை முன்பே ஒருமுறை ஏலம் போனவை என்று எழுத வேண்டும். ஏலத்தில் எடுத்தவர் பெயரை எழுத வேண்டும். அந்தப் பெயருக்கு எதிரே கணவர் பெயர் என்று ஒரு பத்தி உண்டு. விதியில் எழுதியிராவிட்டாலும் என் வேலை போய்விடும். பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் வேலை போவதாவது என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, காகிதத்தை நான்காகக் கிழித்தேன். அந்த நியாயத்தில் இன்றுவரை நான் ஒரு பிழையும் கண்டுபிடித்ததில்லை. அதனால்தான் அது என்னை விடவில்லை.

ஏலத்திற்கு முந்தின நாள் அறையைப் பூட்டிக்கொண்டு, அந்த உருண்டையிலிருந்து நூலைப் பிரித்து இருபத்தொன்றையும் கட்டினேன். ஏழு சுற்று, ஒரு முடிச்சு. நம்பாதவன் ஏன் கட்டினான் என்று கேட்டால், கட்டியே வந்தவை, வந்த நிலையிலேயே கொடுப்பது முறை என்பேன்.

யுத்தம் வந்து ஜப்பான் சாமானும் ஜெர்மன் சாமானும் நின்றுபோயிருந்த காலம். கடைகளில் பொம்மை என்று ஒன்று இல்லை. ஆகவே அன்றைக்குக் கூட்டம் அதிகம். தனித்தனியாகக் கூவினால் சாயங்காலம் ஆகும், பாதி மிஞ்சும். சில்லறைச் சாமானை ஒரே குவியலாக விட விதி இடம் கொடுக்கிறது. ஒரே குவியலாக வைத்தேன். கெடாரிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை அனுப்ப என்னிடம் மாதம் தவறாமல் வருகிற வியாபாரி ஒருவர் எடுத்தார். தாராளமான மனிதர், உரக்கப் பேசுவார். அன்றைக்கு அவருடைய இரு கை விரல்களையும் பிடித்துக்கொண்டு ஒரு பையனும் ஒரு சிறுமியும் வந்திருந்தார்கள். அவர் மனைவி கைக்குழந்தையோடு சற்றுத் தள்ளி நின்றிருந்தாள்.

"யப்பா, இவ்ளோ பொம்மையா! சார், புள்ளைங்க தெனம் பேஜாரு பண்ணிக்கினு கீதுங்க. இனிமே ஆறு மாசத்துக்கு வாய தொறக்காது பாருங்க" என்றார். பிறகு ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இன்னாத்துக்கு சார் காலெல்லாம் கட்டி வெச்சிக்கிறீங்க? எறங்கி ஓடிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் நான் சொல்லியிருக்கலாம். என்னிடம் ஒரு வாக்கியம் தயாராகக்கூட இருந்தது. "வீட்டிற்குப் போய் அவிழ்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். அது வேறு வாக்கியம்.

வீடுவரை அவர் காத்திருக்கவில்லை. பெண் குழந்தை முனகியதும், மரயானையை வாயருகே கொண்டுபோய், நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அவள் கையில் கொடுத்தார். நான் ரசீதில் கையெழுத்திட்டேன். கூட்டுகிறவள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு தூணருகே நின்றிருந்தாள்.

"குட்த்துட்டீங்களா சாமி?"

"ஏலம் போய்விட்டது."

"ஆமா, ஏலந்தான்" என்று சொல்லிவிட்டு அறுந்து கிடந்த நூலைப் பெருக்கி முறத்தில் தள்ளினாள்.

அன்று கார்டில் 'போய்விட்டது' என்று எழுதினேன். யாரிடம் என்று அவள் பதில் கார்டில் கேட்கவில்லை. அதற்கு எட்டு நாள் கழித்துப் பெண் பிறந்தது. அழுதுகொண்டே பிறந்ததாகத் தந்தியில் இருந்தது. அந்த வார்த்தைக்கும் சேர்த்துக் காசு கொடுத்து அனுப்பியிருந்தார் மாமனார். பத்தொன்பதாம் நாள் நான் வேலையில் இருந்தேன், ஆனால் அன்று பதிவேட்டில் ஒரு வரியும் எழுதவில்லை. இருபதாம் நாள் வந்தது. பெண் இருந்தாள். ஐந்தாம் மாதம் இருவரும் விழுப்புரத்திற்கு வந்தார்கள். அலமாரியில் புத்தகங்களை அடுக்கியிருந்தேன்.

கெடார் வியாபாரி ஏலம் முடிந்த மறு மாதம் மூட்டை போட வரவில்லை. ஆளை அனுப்பினார். அடுத்த மாதமும் ஆள். எப்படி இருக்கிறார் உங்கள் முதலாளி என்று கேட்பது மரியாதை. நான் எடையைச் சரிபார்த்துச் சீட்டு எழுதிக்கொடுத்தேன்.

மூன்றாவது மாதம், காலை வண்டி வந்து கூட்டம் கலையும் நேரத்தில், பிளாட்பாரத்தின் மறு கோடியில் அவரைப் பார்த்தேன். அதே உயரம், அதே தலைப்பாகை. மெதுவாக என் ஜன்னலை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவே சுமையும் ஆளுமாக இருந்ததால் இடுப்புக்குக் கீழே தெரியவில்லை. அவர் கைகள் இரண்டும் கீழ்நோக்கித் தொங்கின. விரலை யாராவது பிடித்திருந்தார்களா என்பது இன்னும் பத்தடி வந்தால் தெரிந்துவிடும்.

பார்சல் ஜன்னலை வேலை நேரத்தில் மூடுவதற்கு மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். நான் மூடினேன். தாழ்ப்பாளையும் போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்றது. பிறகு, "சார்" என்று ஒரு குரல். உரத்த குரல் இல்லை. மறுபடியும் ஒருமுறை, "சார், உள்ள கீறீங்களா?"

நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரமே திண்டிவனத்திற்கு மாற்றல் கேட்டு மனு எழுதினேன். காரணம் என்ற இடத்தில், குழந்தையின் உடல்நலம் என்று போட்டேன்.